எம்சிஎஸ்ஏ போன பிறகு: சர்வர் அட்மின் என்ன படிப்பது, எப்படிப் படிப்பது

2023 தொடக்கத்தில் எங்கள் கம்பெனியில் சிஸ்டம் சப்போர்ட் வேலைக்கு ஒரு தம்பி சேர்ந்தான். சேர்ந்த இரண்டாவது வாரம், சாப்பாட்டு நேரத்தில் ஒரு தடித்த ஸ்பைரல் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்தான். "அக்கா, எம்சிஎஸ்ஏ கோர்ஸ் முடிச்சுட்டேங்க்கா. எக்ஸாம் எப்படி புக் பண்றதுன்னு மட்டும் சொல்லிக் குடுங்க" என்றான். எம்சிஎஸ்ஏ என்பது விண்டோஸ் சர்வர் போன்றவற்றை நிர்வகிப்பவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த சான்றிதழ். புத்தகத்தின் முதல் பக்கத்தில் அதற்கான ஒரு தேர்வின் எண், 70-410 என்று அச்சாகியிருந்தது. பயிற்சிக் கட்டணம் 18,000 ரூபாய். அவன் அப்பா இரண்டு தவணையில் கட்டியிருக்கிறார்.

அந்தத் தேர்வு 2021 ஜனவரி 31-ஆம் தேதியோடு நின்றுபோனது. அதற்குப் பிறகு உலகத்தில் எந்த மையத்திலும் அதை எழுத முடியாது. அதை அவனிடம் சொல்ல எனக்கு ஒரு நிமிடம் வாய் வரவில்லை. எந்தப் பயிற்சி நிலையம் என்பதை விடுங்கள். நின்றுபோன தேர்வின் பெயரைச் சொல்லி, தையல் வேலை பார்க்கிற ஒரு மனிதரிடம் பணம் வாங்கியிருக்கிறார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

நான் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் சர்வர் அட்மினாக இருக்கிறேன். 2011-இல் டெஸ்க்டாப் சப்போர்ட்டில் தொடங்கி, 2014, 2015-இல் 70-410, 70-411, 70-412 மூன்றையும் எழுதி, விண்டோஸ் சர்வர் 2012 எம்சிஎஸ்ஏ வாங்கினேன். அதன் பிறகு எட்டு வருடம் எந்தத் தேர்வும் எழுதவில்லை. அந்தத் தம்பி புத்தகத்தோடு வந்து நின்ற அன்றைக்குத்தான் நானும் புதிய பாதையில் எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன். இரண்டு பேரும் சேர்ந்தே படித்தோம். அதில் என்ன செய்தோம், எங்கே தடுக்கியது, நீங்கள் என்ன செய்யலாம் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், என்ன மாறியது?

பழைய முறையில் சான்றிதழ் விண்டோஸின் பதிப்போடு ஒட்டியிருந்தது. சர்வர் 2003 காலத்தில், எம்சிஎஸ்ஏ-வுக்கு மேல்நிலையான எம்சிஎஸ்இ-க்கு ஏழு தேர்வுகள். சர்வர் 2008 வந்தபோது பெயர் எம்சிஐடிபி ஆனது. 2012-இல் எம்சிஎஸ்ஏ, எம்சிஎஸ்இ என்ற பெயர்கள் திரும்பி வந்தன. எழுத்துகள் பழையவைதான், விரிவாக்கம் மட்டும் வேறு. சர்வர் 2016-க்கு 70-740, 70-741, 70-742 என்று மூன்று தேர்வுகள் வந்தன. ஒருமுறை வாங்கிவிட்டால் அந்தப் பதிப்புக்கு அது நிரந்தரம். காலாவதி என்று ஒன்று கிடையாது.

சர்வர் 2019 வந்தபோது அதற்கென்று தனி எம்சிஎஸ்ஏ வரவில்லை. பாதை திரும்பிவிட்டது என்பது அங்கேயே தெரிந்தது. 2018 முதலே மைக்ரோசாஃப்ட் 'நீ பார்க்கும் வேலை என்ன' என்பதை வைத்துச் சான்றிதழ் தரத் தொடங்கியிருந்தது. 2020 பிப்ரவரியில், எம்சிஎஸ்ஏ, புரோகிராமர்களுக்கான எம்சிஎஸ்டி, எம்சிஎஸ்இ மூன்றுக்கும் மிச்சமிருந்த தேர்வுகள் அந்த ஜூன் 30-ஓடு முடியும் என்று அறிவித்தார்கள். கொரோனா வந்து மையங்கள் மூடிக் கிடந்ததால் தேதியை 2021 ஜனவரி 31-க்குத் தள்ளினார்கள். அதன் பிறகு கிட்டத்தட்ட ஒரு வருடம், விண்டோஸ் சர்வருக்கென்று எழுத எந்தத் தேர்வும் இல்லை. மைக்ரோசாஃப்டின் கிளவுட் சேவையான அஷூருக்கு உரிய அட்மினிஸ்ட்ரேட்டர் தேர்வுதான் இருந்தது. 'இனிமேல் நம் சர்வர் ரூமுக்கு மதிப்பே இல்லையோ' என்று எங்களில் பலர் பயந்தது அப்போதுதான்.

2021 இறுதியில் 'விண்டோஸ் சர்வர் ஹைப்ரிட் அட்மினிஸ்ட்ரேட்டர் அசோசியேட்' வந்தது. ஏஇசட்-800, ஏஇசட்-801 என்று இரண்டு தேர்வுகள். இரண்டும் தேறினால்தான் சான்றிதழ். 'ஹைப்ரிட்' என்ற சொல்லைக் கவனியுங்கள். உங்கள் ரேக்கில் இருக்கும் சர்வரும் அஷூரில் இருக்கும் சேவையும் சேர்ந்து எப்படி இயங்குகின்றன என்பதுதான் இந்தத் தேர்வின் உயிர். அலுவலகப் பயனர்களின் லாகினைச் சரிபார்க்கும் சர்வரான டொமைன் கன்ட்ரோலர் பற்றி மட்டும் தெரிந்தவருக்கும் பத்தாது, அஷூர் மட்டும் தெரிந்தவருக்கும் பத்தாது.

பணம் கட்டும் முன் செய்ய வேண்டியது

எந்தப் பயிற்சி நிலையத்தில் சேர்வதாக இருந்தாலும், முதலில் அவர்களிடம் தேர்வு எண்ணைக் கேளுங்கள். 'மைக்ரோசாஃப்ட் சர்வர் கோர்ஸ்' என்ற பதிலை ஏற்காதீர்கள். எண்ணை வாங்கிக்கொண்டு, மைக்ரோசாஃப்ட் லேர்ன் தளத்தில் அந்த எண்ணைப் போட்டுத் தேடுங்கள். தேர்வு உயிரோடு இருந்தால் அதற்கென்று ஒரு பக்கம் இருக்கும், தேதி புக் செய்யும் பொத்தானும் இருக்கும். நிறுத்தப்பட்ட, நிறுத்தப்படப் போகிற தேர்வுகளுக்குத் தனிப் பட்டியலும் அங்கேயே இருக்கிறது. 70 என்று தொடங்கும் எந்த எண்ணைச் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். இந்த ஐந்து நிமிட வேலையை அந்தத் தம்பிக்கு யாராவது சொல்லிக் கொடுத்திருந்தால் 18,000 ரூபாய் தப்பியிருக்கும்.

தேர்வுப் பக்கத்திலிருந்தே படிப்பு வழிகாட்டி என்ற பக்கத்துக்குப் போகலாம். எந்தப் பகுதிக்கு எத்தனை சதவீதம், எந்தத் தேதியிலிருந்து பாடம் மாறுகிறது, எதைச் சேர்த்தார்கள், எதை நீக்கினார்கள் என்று அட்டவணையாகப் போட்டிருப்பார்கள். அதை அச்சடித்துச் சுவரில் ஒட்டிவிடுங்கள். தேர்வு புக் செய்யும் நாளில் ஒருமுறையும், தேர்வுக்கு ஒரு வாரம் முன்பு இன்னொரு முறையும் அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். எம்சிஎஸ்ஏ காலத்தில் புத்தகம் வாங்கினால் நான்கு வருடம் தாங்கும். இப்போது ஒரே தேர்வு எண்ணுக்குள்ளேயே பாடம் மாறிக்கொண்டிருக்கிறது. 2023 ஜூலையில், பயனர் கணக்குகளைக் கிளவுடில் வைக்கும் அஷூர் ஆக்டிவ் டைரக்டரியின் பெயர் 'என்ட்ரா ஐடி' என்று மாறியது. நாங்கள் எழுதிய குறிப்புகளில் பாதியைத் திருத்த வேண்டியிருந்தது.

கணக்கும் பெயரும்

இதை அலட்சியப்படுத்தாதீர்கள். நான் அனுபவித்தவள்.

என் எம்சிஎஸ்ஏ தேர்வுகளை முன்பு வேலை பார்த்த இடத்தின் மெயில் முகவரியில் பதிவு செய்திருந்தேன். அங்கிருந்து விலகிய அன்று மாலையே அந்த மெயிலை மூடிவிட்டார்கள். என் சான்றிதழ் விவரம் முழுக்க நான் உள்ளே நுழைய முடியாத ஒரு கணக்கில் மாட்டிக்கொண்டது. பழைய தேர்வு மதிப்பெண் தாளையும் அடையாள அட்டையையும் ஸ்கேன் செய்து அனுப்பி, சப்போர்ட்டில் டிக்கெட் போட்டு, புதிய கணக்கோடு சேர்த்து வாங்க ஆறு வாரம் ஆனது. எப்போதும் உங்கள் சொந்த மெயிலில் மைக்ரோசாஃப்ட் கணக்கு வைத்து அதில்தான் பதிவு செய்ய வேண்டும். கம்பெனி தேர்வுக் கட்டணத்தைத் தந்தாலும் சரி, கம்பெனி மெயிலை உள்ளே கொண்டுவராதீர்கள். சான்றிதழ் உங்களுடையது.

அப்புறம் பெயர். நமக்கு இனிஷியல் இருக்கிறது, குடும்பப் பெயர் இல்லை. படிவத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் கேட்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாக இருக்கும், ஓட்டுநர் உரிமத்தில் ஓர் எழுத்து மட்டும் இருக்கும். தேர்வு நாளில் எந்த அடையாள அட்டையைக் காட்டப் போகிறீர்களோ, அதில் இருக்கிறபடியே எழுத்துக்கு எழுத்து பதிவு செய்யுங்கள். எந்தெந்த அட்டையை ஏற்பார்கள் என்பதை, தேர்வை நடத்தும் பியர்சன் வியூ நிறுவனத்தின் பக்கத்தில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். நான் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டேன். பெயர் பொருந்தாவிட்டால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள், கட்டிய பணமும் போய்விடும்.

எந்தப் பாதை?

உங்கள் வேலையிடத்தில் சர்வர் ரேக் இருக்கிறது, பயனர் கணக்குகளை நிர்வகிக்கும் ஆக்டிவ் டைரக்டரி இருக்கிறது, இரவு பேக்கப் ஓடுகிறது என்றால், யோசிக்கவே வேண்டாம், 800-ம் 801-ம் எழுதுங்கள். நீங்கள் தினமும் தொடுகிற வேலைதான் கேள்வியாக வரும். கிளவுட் நிறுவனத்துக்கு மாற நினைப்பவர், அல்லது கல்லூரி முடித்து வேலை தேடுபவர், ஏஇசட்-104 எழுதலாம். அது அஷூர் அட்மினிஸ்ட்ரேட்டருக்கானது, ஒரே தேர்வு. நாளைக்கு ஆர்க்கிடெக்ட் அளவில் ஏஇசட்-305 எழுதிச் சான்றிதழ் வாங்க வேண்டுமென்றால் 104 கட்டாயம் வேண்டும். எது முதலில் என்று கேட்டால், எம்சிஎஸ்ஏ படித்த அனுபவம் உள்ளவர்களுக்கு 800-தான் என்பேன். தெரிந்த மண்ணில் நின்றுகொண்டு புதியதைக் கற்பது சுலபம்.

லினக்ஸ் பக்கமும் இதே மாற்றம் நடந்திருக்கிறது என்பதால் இரண்டு வரி. ரெட் ஹாட் நிறுவனத்தின் ஆர்எச்சிஎஸ்ஏ என்ற லினக்ஸ் சான்றிதழ் இன்னும் அடித்தளமாகவே இருக்கிறது. தேர்வு முழுக்க உயிருள்ள மெஷினில் செய்து காட்ட வேண்டும், 300-க்கு 210 வாங்க வேண்டும், ரீபூட் ஆன பிறகும் நீங்கள் செய்தது நிற்க வேண்டும். ஆனால் அதற்கு அடுத்த நிலையான ஆர்எச்சிஇ அடியோடு மாறிவிட்டது. ரெட் ஹாட் 8 பதிப்பிலிருந்து அது, சர்வர் வேலைகளைத் தானாக நடத்தும் ஆன்சிபிள் கருவிக்கான தேர்வு. பழைய ஆர்எச்சிஇ புத்தகத்தை யாராவது இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

கையில் இன்னும் எந்த வேலையும் இல்லாத பிள்ளைகளுக்கு ஒரு நல்ல செய்தி. 2023 இறுதியில் மைக்ரோசாஃப்ட் 'அப்ளைட் ஸ்கில்ஸ்' என்று சிறிய செய்முறைத் தேர்வுகளைக் கொண்டுவந்தது. அதில் ஆக்டிவ் டைரக்டரிக்கு ஒன்று உண்டு. பிரவுசரிலேயே லேப் திறக்கும், கொடுத்த வேலையைச் செய்து முடிக்க வேண்டும், கட்டணம் கிடையாது. எங்கள் தம்பியை முதலில் இதைத்தான் எழுத வைத்தேன். சொந்தமாக ஒரு டொமைனில் வேலை செய்து தேறியது என்ற நம்பிக்கை அவனுக்கு அங்கேதான் வந்தது.

லேப் போடுவது

இதில் நேரம் செலவழியுங்கள். வீடியோ பார்த்து மட்டும் இந்த இரண்டு தேர்வையும் தாண்ட முடியாது.

நாங்கள் பழைய டெஸ்க்டாப் ஒன்றை வாங்கி, 32 ஜிபி ரேம் போட்டு, விண்டோஸ் புரோவில், ஒரே கம்ப்யூட்டரில் பல வர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் ஹைப்பர்-வி எடுத்தோம். சர்வர் 2022-இன் சோதனைப் பதிப்பு மைக்ரோசாஃப்ட் தளத்திலேயே கிடைக்கும், 180 நாள் ஓடும். படிக்க அது போதும். ஆறு மெஷின்: இரண்டு டொமைன் கன்ட்ரோலர், ஒரு ஃபைல் சர்வர், கிளஸ்டருக்கு (ஒன்று விழுந்தால் மற்றது வேலையை ஏற்கும் சர்வர் கூட்டு) இரண்டு நோடு, ஒரு கிளையன்ட். ஒரு டொமைன் கன்ட்ரோலரை டெஸ்க்டாப் திரை இல்லாத கோர் முறையில் நிறுவுங்கள். மவுஸ் இல்லாமல் ஒரு வாரம் அதை நிர்வகித்துப் பாருங்கள், கட்டளை எழுதி நிர்வகிக்கும் பவர்ஷெல் தானாகக் கைக்கு வந்துவிடும்.

கிளஸ்டருக்குப் பொது ஸ்டோரேஜ் வேண்டுமே, பல சர்வர்கள் பகிர்ந்துகொள்ளும் சான் என்ற ஸ்டோரேஜ் பெட்டிக்கு எங்கே போவது என்று பலர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். விண்டோஸ் சர்வரிலேயே, நெட்வொர்க் வழியாக டிஸ்க்கைக் காட்டும் ஐஸ்கஸி டார்கெட் என்ற ரோல் இருக்கிறது. ஃபைல் சர்வரில் அதை ஏற்றி, இரண்டு வர்ச்சுவல் டிஸ்க்கை இரண்டு நோடுக்கும் காட்டினால் கிளஸ்டர் எழுந்துவிடும். ஒரு நோடைத் திடீரென்று அணைத்து, சர்வீஸ் அடுத்த நோடுக்கு எவ்வளவு நேரத்தில் போகிறது என்று கடிகாரத்தை வைத்துப் பாருங்கள். நோடுகளோடு சேர்ந்து ஓட்டுப் போடும் விட்னஸை டிஸ்க், ஷேர், கிளவுட் என்று மூன்று விதமாகவும் மாற்றி மாற்றி வையுங்கள். கிளஸ்டர் நிற்காமல் ஓட எத்தனை ஓட்டு வேண்டும் என்ற கோரம் பற்றிய கேள்வி வந்தால் அப்போது உங்களுக்குக் கணக்குப் போடத் தேவையில்லை, பார்த்தது நினைவுக்கு வரும்.

அஷூர் பக்கத்துக்கு இலவசக் கணக்கு திறந்தால் முதல் 30 நாளுக்கு 200 டாலர் மதிப்பில் பயன்படுத்தலாம். அந்த 30 நாளை வீணாக்காதீர்கள். உள்ளூர் லேப் முழுக்கத் தயாரான பிறகுதான் கணக்கையே திறக்க வேண்டும். திறந்தவுடன் முதல் வேலையாகப் பட்ஜெட் எச்சரிக்கை வையுங்கள். அஷூரில் உருவாக்கும் எல்லாவற்றையும் ரிசோர்ஸ் குரூப் என்ற ஒரே தொகுப்பில் போட்டு, இரவு படுக்கும் முன் அந்த குரூப்பையே அழித்துவிடுங்கள்.

அஷூரில் கட்டாயம் செய்து பார்க்க வேண்டியவை என்று நான் நினைப்பது மூன்று. ஒன்று, வெளியே இருக்கும் சர்வரையும் அஷூரிலிருந்தே நிர்வகிக்க உதவும் அஷூர் ஆர்க்கில் வீட்டு லேப் சர்வரை இணைப்பது. இணைப்பதற்கும் பட்டியலில் பார்ப்பதற்கும் காசு கிடையாது. இரண்டு, சர்வர் ஃபைல்களை அஷூரோடு ஒத்துவைக்கும் ஃபைல் சிங்க். அதில், அதிகம் தொடாத ஃபைல்களைக் கிளவுடுக்கு நகர்த்தும் கிளவுட் டியரிங்கை சி டிரைவில் வைக்க முடியாது என்பதை நான் லேப்பில் ஒரு மணி நேரம் முட்டி மோதித்தான் தெரிந்துகொண்டேன். நீங்கள் முதலிலேயே ஒரு டி டிரைவ் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று, உள்ளூர் ஆக்டிவ் டைரக்டரியை என்ட்ரா ஐடியோடு சிங்க் செய்வது.

இந்த மூன்றாவதில் பழைய ஆட்கள் எல்லோரும் ஒரே இடத்தில் விழுவோம். நாம் டொமைன் பெயரை 'டாட் லோக்கல்' என்று வைத்துப் பழகியவர்கள். அந்தப் பெயர் இணையத்தில் செல்லாது. அப்படியே சிங்க் செய்தால் பயனர்கள் எல்லோரும் 'ஆன்மைக்ரோசாஃப்ட்' என்று முடிகிற பெயரில் போய் நிற்பார்கள். சிங்க் செய்யும் முன், ஆக்டிவ் டைரக்டரி டொமைன்ஸ் அண்ட் டிரஸ்ட்ஸில் உங்கள் உண்மையான இணையப் பெயரைக் கூடுதல் யுபிஎன் (பயனரின் லாகின் பெயர்) பின்னொட்டாகச் சேர்த்து, பயனர்களை அதற்கு மாற்ற வேண்டும். டொமைன் பெயரையே மாற்ற வேண்டிய அவசியம் இல்லை. தேர்விலும் கேட்பார்கள், உங்கள் கம்பெனி நாளைக்கு அலுவலக மெயிலைக் கிளவுடுக்கு மாற்றும்போதும் இதே இடத்தில்தான் வந்து நிற்பீர்கள்.

வேலையிடமே பாடம்

எங்கள் ஃபைல் சர்வர் 2012 ஆர்2. அதற்கான ஆதரவு 2023 அக்டோபர் 10-ஓடு முடிந்தது. அதற்குள் மாற்றியாக வேண்டும். டொமைன் கன்ட்ரோலரையும் புதிதாக்கலாம் என்று சர்வர் 2022-ஐ டொமைனில் சேர்த்து உயர்த்தப் பார்த்தேன். ஏற்கவில்லை. எங்கள் டொமைன் சர்வர் 2003 காலத்தில் பிறந்தது. டொமைன் கன்ட்ரோலர்களுக்கிடையே பகிரப்படும் சிஸ்வால் ஃபோல்டர், அன்றைக்கிருந்த எஃப்ஆர்எஸ் என்ற பழைய நகல் முறையிலேயே நகலாகிக்கொண்டிருந்தது. சர்வர் 2016-க்குப் பிந்தைய பதிப்புகள் எஃப்ஆர்எஸ் உள்ள டொமைனில் டொமைன் கன்ட்ரோலராக வராது. முதலில் டிஎஃப்எஸ்ஆர் என்ற புதிய நகல் முறைக்கு மாற்ற வேண்டும். தயார், திருப்பிவிடுதல், நீக்குதல் என்று மூன்று படி. ஒவ்வொரு படியிலும் எல்லா டொமைன் கன்ட்ரோலரும் அந்த நிலைக்கு வந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும். கடைசிப் படிக்குப் போனால் திரும்பி வர வழியில்லை. ஒரு சனிக்கிழமை இரவு பேக்கப் எடுத்துவிட்டுத் தொடங்கி, ஞாயிறு மதியம் முடித்தோம்.

ஃபைல் சர்வரை ஸ்டோரேஜ் மைக்ரேஷன் சர்வீஸ் வழியாக மாற்றினோம். பிரவுசரில் சர்வர்களை நிர்வகிக்கும் விண்டோஸ் அட்மின் சென்டரில் இருந்து நடத்துவது. கணக்கெடுப்பு, நகல், மாற்றிக்கொள்ளுதல் என்று மூன்று கட்டம். கடைசிக் கட்டத்தில் புதிய சர்வர் பழையதின் பெயரையும் ஐபியையும் தானே எடுத்துக்கொள்ளும். திங்கள் காலை பேட்டர்ன் மாஸ்டர் வழக்கம்போலத் தன் ஃபோல்டரைத் திறந்தார். சர்வர் மாறியதே அவருக்குத் தெரியாது. 801-இல் சர்வரை இடம் மாற்றும் பகுதிக்கு மட்டும் 20 முதல் 25 சதவீதம் வரை உண்டு. அந்தப் பகுதிக்கு நான் தனியாகப் படிக்கவே இல்லை.

அதனால் உங்கள் சர்வர் ரூமில் என்ன பதிப்பு ஓடுகிறது என்று இன்றைக்கே எழுதுங்கள். சர்வர் 2016-இன் ஆதரவு 2027 ஜனவரி 12-இல் முடிகிறது, 2019-இன் ஆதரவு 2029 ஜனவரி 9-இல். அந்த மாற்று வேலையை நிர்வாகத்திடம் நீங்களே கேட்டு வாங்குங்கள். தேர்வுத் தேதியை அந்த வேலை முடியும் மாதத்தை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

படிக்கும்போது எடை எங்கே?

800-இல் ஆக்டிவ் டைரக்டரிக்கு மட்டும் 30 முதல் 35 சதவீதம். ஒரு நேரத்தில் ஒரே டொமைன் கன்ட்ரோலர் மட்டும் ஏற்கும் எஃப்எஸ்எம்ஓ ரோல்கள் ஐந்தும் எந்தெந்த அளவில் இருக்கின்றன, ஒன்று விழுந்தால் முதலில் என்ன பாதிக்கும், டொமைன்களுக்கிடையே உள்ள டிரஸ்ட் எந்தத் திசையில் ஓடும், சைட் இணைப்புகள், படிக்க மட்டும் முடிகிற டொமைன் கன்ட்ரோலர், இதெல்லாம் எம்சிஎஸ்ஏ படித்தவருக்குத் தெரிந்ததுதான். புதிதாகச் சேர்வது என்ட்ரா சிங்க். லாகினைக் கிளவுடிலேயே சரிபார்க்கும் பாஸ்வேர்டு ஹாஷ் சிங்க்குக்கும், உள்ளூர் சர்வரிடம் கேட்டுச் சரிபார்க்கும் பாஸ்-த்ரூவுக்கும் உள்ள வேறுபாட்டைக் காகிதத்தில் அம்புக்குறி போட்டு வரைந்து பழகுங்கள். அலுவலக இணையம் போனால் எந்த முறையில் பயனர் உள்ளே வருவார், எந்த முறையில் வரமாட்டார் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். டிஎன்எஸ், டிஎச்சிபி, ஹைப்பர்-வி, டிஎஃப்எஸ் எல்லாம் பழைய நண்பர்கள், வேகமாகத் திருப்பிப் பார்த்தால் போதும்.

801 அப்படியில்லை. பாதுகாப்புக்கு 25 முதல் 30 சதவீதம். நான் முதல் முறை 2024 பிப்ரவரியில் 801 எழுதி 664 வாங்கினேன். தேற 700 வேண்டும். மதிப்பெண் தாளில் பகுதிவாரியாகப் பட்டைகள் போட்டிருக்கும். மாற்று வேலையிலும் கிளஸ்டரிலும் என் பட்டை நீளமாக இருந்தது, பாதுகாப்பிலும் கண்காணிப்பிலும் பாதிகூட இல்லை. பதிமூன்று வருடம் சர்வர் பார்த்தவளுக்கு அது வலித்தது. ஆனால் உண்மை. ஒரே லோக்கல் அட்மின் பாஸ்வேர்டை எல்லா மெஷினிலும் வைத்துக்கொண்டு வேலை பார்த்த இடத்தில், ஒவ்வொரு மெஷினின் அட்மின் பாஸ்வேர்டையும் தனித்தனியாக வைத்துத் தானே மாற்றும் 'லேப்ஸ்' வசதி பற்றி எனக்கு எப்படித் தெரிந்திருக்கும்? அடுத்த மூன்று வாரத்தில் விண்டோஸ் லேப்ஸை லேப்பில் போட்டேன், பிறகு அலுவலகத்திலும் போட்டேன். 2023 ஏப்ரல் அப்டேட்டிலிருந்து அது விண்டோஸுக்குள்ளேயே வருகிறது, தனியாக எதையும் நிறுவ வேண்டாம். லாகின் விவரம் திருடுபோகாமல் காக்கும் கிரெடென்ஷியல் கார்டு, சர்வீஸ்களுக்கான ஜிஎம்எஸ்ஏ கணக்கு, தேவையான கட்டளைக்கு மட்டும் அனுமதி தரும் ஜேஇஏ, இவற்றையும் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன். மார்ச்சில் தேறினேன்.

முதல் முறை தவறினால் 24 மணி நேரம் கழித்து மறுபடி எழுதலாம். அதன் பிறகு ஒவ்வொரு முறைக்கும் 14 நாள் இடைவெளி வேண்டும், 12 மாதத்துக்குள் ஐந்து முறை. 24 மணி நேரம்தானே என்று மறுநாளே ஓடாதீர்கள். பட்டை குட்டையாக இருக்கும் பகுதியை லேப்பில் செய்து முடித்த பிறகு போங்கள்.

டம்ப்ஸ், அதாவது கசிந்த தேர்வுக் கேள்விகள், வாங்குவது பற்றி ஒரு வார்த்தை. திருப்பூரிலும் கோயம்புத்தூரிலும் தாராளமாகக் கிடைக்கிறது. வாங்காதீர்கள். பிடிபட்டால் சான்றிதழ் ரத்தாகும், இனி எழுதவும் விடமாட்டார்கள். பிடிபடாவிட்டாலும், நள்ளிரவு இரண்டு மணிக்கு டொமைன் கன்ட்ரோலர் எழாமல் கிடக்கும்போது பக்கத்தில் அந்தத் தாள் இருக்காது.

தேர்வு அறையில்

வீட்டிலிருந்தும் எழுதலாம், மையத்திலும் எழுதலாம். நான் கோயம்புத்தூரில் மையத்தில் எழுதினேன். எங்கள் தெருவில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது, வீட்டில் இரண்டு பிள்ளைகள். வீட்டிலிருந்து எழுதுவதானால் அறைக்குள் ஒருவர் எட்டிப் பார்த்தாலும் தேர்வை நிறுத்தலாம் என்பதை நினைவில் வையுங்கள். கட்டணம் நாட்டுக்கு நாடு வேறு. பக்கத்தில் இந்தியா என்று தேர்ந்தெடுத்துப் பாருங்கள், டாலரில் சொல்லும் தொகையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

2023 ஆகஸ்ட் முதல் இந்தத் தேர்வுகளின்போது மைக்ரோசாஃப்ட் லேர்ன் தளத்தைத் திறந்து பார்க்க அனுமதி உண்டு. கேட்க ஆசையாக இருக்கும். ஆனால் கூடுதல் நேரம் தரமாட்டார்கள். நான் 800-இல் மூன்று கேள்விக்கு மட்டும் திறந்தேன். ஒரு பவர்ஷெல் கட்டளையின் சரியான பெயர், ஒரு சேவைக்கு எந்தப் பதிப்பு தேவை, இந்த மாதிரி சின்ன விஷயங்களுக்கு உதவும். எங்கே தேடுவது என்று தெரியாதவருக்கு நேரம்தான் போகும். வீட்டில் படிக்கும்போதே அந்தத் தளத்தின் தேடலை வைத்துப் பதில் கண்டுபிடித்துப் பழகுங்கள். நீளமான கதையாக வரும் கேள்விகளில், முதலில் கேள்வியைப் படித்துவிட்டு அப்புறம் கதைக்குப் போங்கள். சில பகுதிகளை முடித்து வெளியே வந்துவிட்டால் திரும்பப் போக முடியாது, திரையில் வரும் எச்சரிக்கையைப் படிக்காமல் அடுத்ததை அழுத்தாதீர்கள்.

காலாவதியும் பயோடேட்டாவும்

எம்சிஎஸ்ஏ ஆட்கள் மறந்துவிடுகிற விஷயம் இதுதான். புதிய சான்றிதழ் ஒரு வருடம்தான் செல்லும். காலாவதிக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து புதுப்பிக்கலாம். ஆன்லைனில், வீட்டிலேயே, கண்காணிப்பாளர் இல்லாமல், இலவசமாக. தவறினால் இரண்டாம் முறை உடனே எழுதலாம், அதற்குப் பிறகு 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும். முன்கூட்டியே புதுப்பித்தாலும் நாள் எதுவும் குறையாது, பழைய காலாவதித் தேதியிலிருந்துதான் அடுத்த வருடத்தைக் கணக்கிடுவார்கள். ஆனால் தேதி ஒரு நாள் தாண்டிவிட்டால் 800, 801 இரண்டையும் பணம் கட்டி முதலிலிருந்து எழுத வேண்டும். நினைவூட்டல் மெயில் வரும்தான், ஆனால் அது விளம்பர மெயில்களுக்கு நடுவில் போய்விடும். நான் மார்ச்சில் தேறியதால் செப்டம்பர் 15-ஆம் தேதியைக் குறித்துவைத்திருக்கிறேன், ஆயுத பூஜைக்குச் சர்வர் ரூம் சுத்தம் செய்யத் தொடங்கும் சமயம் என்பதால் மறக்காது.

பழைய எம்சிஎஸ்ஏ-வைத் தூக்கிப் போட வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். பயோடேட்டாவில் வைத்திருங்கள், ஆனால் ஆண்டைச் சேர்த்து எழுதுங்கள்: 'எம்சிஎஸ்ஏ, விண்டோஸ் சர்வர் 2012, ஆண்டு 2015'. ஆண்டு போடாமல் எழுதினால், நேர்காணல் செய்பவர் விவரம் தெரிந்தவராக இருந்தால் சந்தேகப்படுவார். மைக்ரோசாஃப்டின் டிரான்ஸ்கிரிப்டில் பழைய சான்றிதழ்களும் இருக்கும், அதன் இணைப்பைக் கொடுத்துவிட்டால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். புதியதை அதற்கு மேல் வரியில் போடுங்கள், அடுத்த காலாவதித் தேதியோடு.

எங்கள் தம்பி அந்த ஸ்பைரல் புத்தகத்தை இன்னும் வைத்திருக்கிறான். டிஎச்சிபி, டிஎன்எஸ் அத்தியாயங்கள் இப்போதும் சரியாகத்தான் இருக்கின்றன, அவற்றை அதிலிருந்தே படித்தான். மற்ற பக்கங்களின் மேல் பென்சிலால் புதிய பெயர்களை எழுதியிருக்கிறான். 800 தேறிவிட்டான். 801-க்கு அவன் முதலில் உட்கார்ந்தது பாதுகாப்புப் பகுதியில்.